உயிருள்ளோர்க்கு இறப்புச் சீட்டு

ஒரு மனிதன் எத்தனை மணிக்கு உறங்கச் செல்ல வேண்டும்?

கேள்வி சிறிது. கேட்பவரைச் சிலர் எள்ளி நகையாடவும் கூடும். நள்ளிரவு தாண்டியும் நூல் படிக்கிறோம். நண்பரோடு வாதிட்டுத் தொண்டை வறள வீடு திரும்புகிறோம். இரண்டாம் ஆட்டம் படம் பார்த்துவிட்டு, நடந்தே வந்து படுக்கிறோம். ஏன் என்று கேட்பார் எவருமில்லை. ஆனால் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில், லெ கோர்ட் என்னும் மாளிகையில் வாழ்ந்த வயது வந்த ஆண்களும் பெண்களும் இந்தச் சிறு கேள்விக்காக ஆண்டுக்கணக்கில் போராடினர். கையும் காலும் தாம் நினைத்தபடி இயங்காதவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தின் நடுவே ஒரு நூல் பிறந்தது. அந்த நூலுக்கு அங்கே வாழ்ந்த ஒருவரே எழுதிய மறுப்பும் பிறந்தது. இரண்டையும் இங்கே எடைபோட எண்ணுகிறோம்.

லெ கோர்ட்டின் தொடக்கம் ஓர் இரக்கக் கதை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியாகப் புகழ்பெற்று விக்டோரியா சிலுவை பெற்றவர் லெனார்ட் செஷயர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி எரிந்ததைப் பார்வையாளராக வானிலிருந்து கண்டவரும் அவரே. போர் ஓய்ந்தபின், 1948-ல், போக்கிடமின்றிப் புற்றுநோயால் சாகக் கிடந்த ஒருவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து வந்து, தம் கையாலேயே பணிவிடை செய்தார். ஒருவர் இருவரானார், இருவர் பலரானார். வீடு விடுதியாயிற்று, விடுதி பல விடுதிகளாயிற்று, 1950களிலேயே கடல் கடந்து பம்பாய்க்கும் வந்தது. அந்த மனிதரின் நெஞ்சில் ஈரம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த ஈரத்தின்மீது சுவர் எழுப்பி, நிர்வாகக் குழு அமைத்து, நேர அட்டவணை எழுதி மாட்டியபின், சுவருக்குள் வாழ்பவன் நிலை என்ன என்பதே நம் கேள்வி.

அந்தச் சுவருக்குள் 1956-ல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் பால் ஹன்ட். 1937-ல் பிறந்தவர், தசைகள் நாளுக்கு நாள் நலிந்துபோகும் நோயினர். அதற்குமுன் அவருக்கு வாய்த்தது, நெடுநாள் நோயாளிகளும் முதியோரும் சாவை எதிர்நோக்கிக் கிடந்த மருத்துவமனைக் கூடம். அங்கிருந்து பார்த்தால் லெ கோர்ட் ஒரு விடுதலை. ஆனால் சிறையைவிட நல்ல இடம் என்பதால் ஓர் இடம் வீடாகிவிடாது. படுக்கை நேரம், வெளியே செல்லும் உரிமை, தங்களை ஆளும் குழுவில் தங்களுக்கு ஓர் இடம், ஒத்துவராதவரை வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடும் அதிகாரம் யாருக்கு என்பது, இவை பற்றியெல்லாம் அங்கு வாழ்ந்தோர்க்கும் நடத்துவோர்க்கும் மோதல் மூண்டது.

படுக்கை நேரத்துக்காக இவ்வளவு பெரிய போரா என்று கேட்கும் தோழர்கள், அதன் உள்ளிருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். தானே எழ முடியாத ஒருவரைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். பகலில் பணியாளர் பலர். இரவிலோ மிகச் சிலர். ஆகவே பகல் முறை முடியுமுன் அனைவரையும் கட்டிலில் ஏற்றிவிட வேண்டும். கோடைக்கால இங்கிலாந்தில் வெயில் இன்னும் சன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முப்பது வயது மனிதன் இரவு உடை அணிந்து, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பான். இஃது அவன் உடம்பு இட்ட கட்டளையன்று. பணிப்பட்டியல் இட்ட கட்டளை. சம்பளக் கணக்கு இட்ட கட்டளை. ஆனால் அவனிடம் சொல்லப்படும் காரணம் வேறு: ‘உன் பாதுகாப்புக்காக’!

பாதுகாப்பு! எத்தனை நல்ல சொல். எத்தனை பேரை அடைத்து வைத்த சொல்!

உண்மையான பாதுகாப்பு எது? தன்னால் புரண்டு படுக்க முடியாத உடம்பை, இரவு முழுதும் சில மணிக்கொரு முறை பிறர் புரட்டிவிட வேண்டும். தவறினால், முதுகெலும்பின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கன்றி, படுக்கைப்புண்ணாகிப் பிளக்கும். எலும்பு வரை குழியும். குருதியில் நஞ்சேறி உயிரையும் கொள்ளும். விழுங்க இயலாதவருக்கு அவசரமாக ஊட்டிய ஒரு கவளம் மூச்சுக்குழாயில் போனால் அதுவே எமன். குளியல் தொட்டியின் நீர்ச்சூட்டைக் கையால் சோதிக்காமல் இறக்கினால், உணர்வற்ற கால் வெந்தபின்தான் தெரியும். கூப்பிடு மணி கைக்கெட்டாத தொலைவில் இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் அதுவே வாயில். ஆக, இங்கே பாதுகாப்பு என்பது வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் பொறுமையில் இருக்கிறது. அவர் மனநிலையில் இருக்கிறது. பகலில் நிர்வாகத்தின்மீது குறை சொன்னவன், இரவில் யார் கையால் புரட்டப்படுவான்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடுதிகளிலிருந்து புகார்கள் ஏன் வருவதில்லை என்பது விளங்கிவிடும். புகார் இல்லாமை நிறைவின் அடையாளம் என்று எழுதிச் செல்லும் அறிக்கையாளர்கள் இந்த இரவை அறியாதவர்கள்.

லெ கோர்ட் வாசிகள் ஓர் அரிய காரியம் செய்தனர். தங்கள் வாழ்வை ஆராய வருமாறு அறிஞர்களைத் தாங்களே அழைத்தனர். அறிவியல் வந்தால் நீதி வரும் என்னும் நம்பிக்கை! பகுத்தறிவை நம்பும் நம் போன்றோர்க்கு அந்த நம்பிக்கை நெஞ்சுக்கு நெருக்கமானது. லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிலையத்திலிருந்து எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்னும் இருவர் வந்தனர். அரசு பணம் தந்தது. லெ கோர்ட் மட்டுமன்றி வேறு சில விடுதிகளையும் பார்த்தனர். 1972-ல் நூல் வந்தது: ‘எ லைஃப் அபார்ட்’. ‘ஒதுங்கிய வாழ்வு’ என்று தமிழில் சொல்லலாம். ‘ஒதுக்கப்பட்ட வாழ்வு’ என்றும் சொல்லலாம். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள வேற்றுமைதான் நம் கட்டுரையே.

நூலின் நிறையை முதலில் சொல்லிவிடுவோம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. விடுதிகளை ஆளும் இரண்டு எண்ணப்போக்குகளைப் பிரித்துக் காட்டினர். ஒன்று, பண்டகசாலை முறை: உள்ளே வந்த உயிரைக் கெடாமல் காத்து வைப்பது; மூட்டைக்கு எலி கடி படாமல் பார்த்துக்கொள்வது போல. மற்றொன்று, தோட்ட முறை: உள்ளே இருப்பவரிடம் மறைந்து கிடக்கும் திறமைகளை நீர்விட்டு வளர்ப்பது. முதலாவதன் கொடுமையை எவரும் காண்பர். இரண்டாவதிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் கண்டதே கூர்மை. கூடை முடையவும் ஓவியம் தீட்டவும் கற்றுக்கொடுத்து, ‘நீயும் எல்லாரையும் போலத்தான்’ என்று தட்டிக்கொடுக்கும் தோட்டக்காரன், அந்தச் செடியைத் தொட்டியைவிட்டு வெளியே நட ஒருநாளும் இசைவதில்லை. நம் நாட்டு ஆண்டுவிழா மேடைகளில் கைவினைப் பொருள்களை அடுக்கி வைத்து, அமைச்சரை அழைத்து வந்து காட்டும் காட்சி நம் நினைவுக்கு வராமலில்லை.

ஆனால் அடுத்த அடியில் அறிஞர்கள் இடறினர். இடறினர் என்பதும் மென்மையான சொல். விடுதிக்குள் அடியெடுத்து வைப்பவருக்குச் சமுதாயத்தில் இனி எந்தப் பங்கும் இல்லை. சமுதாயம் அவரைச் செத்தவராகவே எழுதிவிட்டது. இந்தச் சமுதாயச் சாவுக்கும் உடற்சாவுக்கும் இடைப்பட்ட காலத்தை அவர் கடக்க உதவுவதே விடுதியின் பணி என்பது அவர்கள் முடிவு. எழுதியவர்கள் வன்னெஞ்சர் அல்லர். உள்ளே வாழ்வோரை ‘முடவர்’ என்று பொருள்படும் சொல்லாலேயே நூல் நெடுகக் குறித்தாலும், உண்மையை மெழுகிப் பூசாமல் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். வாசிகளோடு பேசிவிட்டுத் திரும்பும்போது வாசிகள் பக்கமும், பணியாளரோடு பேசிவிட்டுத் திரும்பும்போது பணியாளர் பக்கமும் தம் மனம் சாய்ந்ததை அவர்களே ஒப்புக்கொள்கின்றனர். நேர்மைதான். ஆனால் துலாக்கோலின் நடுமுள் நேராக நிற்பதையே நீதி என்று கருதிவிட்டனர். ஒரு தட்டில் சாவிக்கொத்து. மறு தட்டில் பூட்டிய அறை. இவற்றுக்கு நடுவில் நிற்பது எப்படி நடுநிலையாகும்?

நம் மண்ணில் ‘தலைவிதி’ என்று ஒன்று உண்டு. முற்பிறப்பில் செய்த வினை. இப்பிறப்பில் முடங்கிய கால். அதைச் சொல்பவரை நாம் மேடையேறி மறுக்கிறோம். ஆனால், அதே தலைவிதி பட்டம் பெற்று, கண்ணாடி அணிந்து, ஆய்வேட்டின் வடிவில் வந்தால்? சமுதாயம் இவர்களை ஒதுக்குகிறது என்பது கண்டறிந்த உண்மை. ஒதுக்கத்தான் செய்யும் என்பது கண்டறிந்த உண்மையன்று, அது தீர்ப்பு. ஆராய்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையே உள்ள கோட்டை அவர்கள் தாண்டியதை அவர்களே அறியவில்லை. படிக்கட்டு மனிதன் கட்டியது. ஏறிச்செல்ல முடியாத பேருந்து மனிதன் செய்தது. உதவிக்கு ஆள் வேண்டுமானால் விடுதிக்குப் போ, வீட்டில் இருந்தால் காசு இல்லை என்னும் விதி மனிதன் எழுதியது. மனிதன் செய்ததை மாற்ற மனிதனால் ஆகாதா?

ஆகும் என்பதற்கு அந்நாளிலேயே சான்று இருந்தது. சுவீடனில் 1960களிலேயே ‘ஃபோகஸ்’ என்னும் திட்டம் தொடங்கிவிட்டது. மற்றவர் வாழும் அதே அடுக்குமாடிகளில், சக்கர நாற்காலி புழங்கும்படி அமைத்த சில வீடுகள். அழைத்தால் வந்து உதவ அதே கட்டடத்தில் பணியாளர். சாவி வாழ்பவர் கையில். படுக்கை நேரமும் அவர் கையில். சமுதாயச் சாவு இயற்கையின் சட்டமானால், சுவீடனில் அது செல்லுபடியாகாமல் போனது எங்ஙனம்?

பால் ஹன்டின் மறுப்பு இந்த இடத்தைத்தான் தாக்குகிறது. அவர் 1970-ல் மணம் செய்துகொண்டு லெ கோர்ட்டைவிட்டு வெளியேறியவர். 1972 செப்டம்பரில் ‘கார்டியன்’ இதழுக்கு ஒரு மடல் எழுதினார். விடுதிகளில் அடைபட்டோர் தம் குரலைத் தாமே எழுப்ப ஒன்றுகூட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மடலின் விதையிலிருந்து, பிரிவினைக்கு எதிரான உடற்குறையுடையோர் ஒன்றியம் முளைத்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறைசென்று, 1968-ல் பிரிட்டன் வந்த விக் ஃபின்கல்ஸ்டைன் அதில் தோள்கொடுத்தார். (அந்த நாட்டு நிறவெறிக் கொள்கையின் பெயரிலும் ‘அபார்ட்’ என்னும் அதே ஒதுக்கற்சொல்லே அமர்ந்திருப்பதைப் படிப்பவர் கவனிக்கலாம்.) உடலில் உள்ளது குறை; வாழ்வை முடக்குவதோ சமுதாயம் என்று அவர்கள் 1976-ல் வகுத்துக் கூறிய கொள்கை இன்று உலகெங்கும் பாடநூல் ஏறிவிட்டது.

ஹன்ட் தம் மறுப்புக்கு இட்ட தலைப்பை, ‘ஒட்டுண்ணிகளோடு கணக்குத் தீர்த்தல்’ எனலாம். பிறர் உழைப்பில் வாழும் ஒட்டுண்ணி என்று ஊரார் பழிப்பது ஊனமுற்றவரை. ஹன்ட் அந்தச் சொல்லைப் பிடுங்கித் திருப்பி எறிகிறார்: எங்கள் துன்பத்தைப் பிழிந்து நூலாக்கி, பெயரும் பிழைப்பும் தேடிக்கொண்ட ஆய்வாளரே ஒட்டுண்ணிகள்! சினத்தில் எழுதியதுதான், ஆனால் சினத்தின் அடியில் ஒழுங்கான வாதம் ஓடுகிறது. ஒடுக்குமுறை நிலைக்கும் என்று முதலில் ஏற்றுக்கொண்டு, அதை எப்படித் திறம்பட நடத்துவது என்று பிறகு ஆராய்பவன், நடுவிலே நிற்கவில்லை. ஒடுக்குவோன் பக்கமே நிற்கிறான் என்பது அது. 1979-ல் ஹன்ட் இறந்தார். அந்தக் கட்டுரை அச்சேறியது 1981-ல்.

ஹன்டிடம் நமக்கு வழக்கே இல்லையா? உண்டு. விடுதியின் வாயிலை இடித்தால் போதும் என்னும் தொனி சில இடங்களில் ஓங்கி ஒலிக்கிறது. பேச்சிழந்தவர், கடிதம் எழுத இயலாதவர், வெளியே ஒருவரும் இல்லாதவர் ஆகியோர் நிலை என்ன? அவர்களுக்குத் தனி வீடு தந்து, ஒரே ஒரு பணியாளரை அமர்த்தினால், நான்கு சுவருக்குள் நடப்பதை அறிய நாலு பேர் கண்கூட இராது. மேலும், விடுதியில் பணிபுரியும் எளிய பெண்களின் கூலியும் முதுகுவலியும் ஹன்டின் கணக்கில் போதிய இடம் பெறவில்லை என்பது நம் கருத்து. தூக்கும் கருவி வாங்கித் தராத நிர்வாகம், தூக்குபவளையும் வதைக்கிறது, தூக்கப்படுபவனையும் வதைக்கிறது.

ஆயினும், தேர்வு எழுதச் சொன்னால் மதிப்பெண் ஹன்டுக்கே. பின்னர் நடந்தவை அதற்குச் சான்று. 1979-ல் அதே லெ கோர்ட்டில் ஜான் எவன்சும் தோழர்களும் ‘திட்டம் 81’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். விடுதியில் தங்களை வைத்திருக்க அரசு செலவிடும் பணத்தை, வெளியே வாழும் தங்கள் உதவிக்குக் கொடுங்கள் என்பது கோரிக்கை. எவ்வளவு எளிய கணக்கு! செலவு அதேதான், செலவிடும் கை மட்டும் வேறு. அதிகாரிகளோடு வாதிட்டு வென்று, ஒவ்வொருவராக வெளியேறினர். பணத்தை வாழ்பவரிடமே தரும் சட்டம் 1996-ல் வந்தது. செத்தோர் பட்டியலில் எழுதப்பட்டவர்கள் வேலைக்கு ஆள் எடுத்தனர், வாடகைக்கு வீடு பிடித்தனர், வேண்டிய நேரத்தில் உறங்கினர். லெ கோர்ட் பின்னாளில் மூடப்பட்டது.

வெற்றி முழுமையன்று. கடும் குறையுடையோர் வெளியே வாழ 1988-ல் தோன்றிய தன்னுரிமை வாழ்வு நிதி, 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. பொறுப்பு, பணமுடையில் தவித்த உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. உதவி நேரம் குறைந்தால், இரவு உதவியாளர் போவார். இரவு உதவியாளர் போனால், பழைய படுக்கை நேரம் வரும்.

விடுதிகளின் தரத்தை அளக்க இங்கிலாந்தில் 2009 முதல் ஓர் ஆணையம் இயங்குகிறது. பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவுடையதா, தேவையறிந்து நடக்கிறதா, நன்கு நடத்தப்படுகிறதா என்று ஐந்து கேள்வி கேட்கும். தரம் பிரித்து வெளியிடும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2011-ல் பிரிஸ்டல் நகரருகே வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கிருந்தோர் உடற்குறையுடையோர் அல்லர். அறிவு வளர்ச்சியில் குறையுடையோர். அவர்களைப் பணியாளர் அடித்தும் இழிவுசெய்தும் வந்ததை, அங்கே பணிபுரிந்த மூத்த செவிலியர் ஒருவர் ஆணையத்துக்கே எழுதினார். ஆணையம் அசையவில்லை. தொலைக்காட்சியின் மறைகாமிராதான் உலகுக்குக் காட்டிற்று. பணியாளர் பதினொருவர் தண்டனை பெற்றனர்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதில் வியப்பில்லை. ஆய்வாளர் வரும் நாளை நாம் அறிவோம். சுவருக்கு வெள்ளை, பலகைக்குக் கறுப்பு, குறிப்பேடுகளுக்குப் புது அட்டை. எந்தக் கேள்விக்கு எந்தப் பையன் எழ வேண்டும் என்பதும் முன்னரே முடிவாகியிருக்கும். வகுப்பு அமைதியாக இருந்தது என்று அவர் எழுதிச் செல்வார். பிரம்பு மேசைக்கடியில் இருப்பதை அவர் பாரார். பையன்கள் அறிவார்கள், அவர்களை அவர் கேளார்.

நம் நாட்டிலும் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமுதாயத்தோடு வாழும் உரிமையைச் சொல்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தப்படாதிருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. செய்ய வேண்டும் என்றில்லை, முயல வேண்டும்! அந்த ஒரு வினைச்சொல்லில் எத்தனை ஆண்டுகள் உறங்கலாம்! ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை ‘மாற்றுத்திறனாளி’ என்று மாற்றிக்கொண்டோம். மாற்றியது நன்றே. அந்தச் சொல்லுக்குரியவர் எத்தனை மணிக்கு உறங்குகிறார் என்பதை எவரேனும் கேட்டதுண்டா?

நாம் கேட்டோம். சென்ற ஆண்டு, நம் மாணவர் ஒருவர் வீட்டார் பிறந்தநாள் சோறு வழங்க ஓர் இல்லத்துக்குச் சென்றபோது நம்மையும் அழைத்தனர். வடை, பாயசத்தோடு இலை போட்டாயிற்று. வழங்குவோர் வந்து நிழற்படம் எடுக்கும் வரை, சக்கர நாற்காலியில் இருந்த நாற்பது பேரும் ஆறிப்போகும் சோற்றைப் பார்த்தபடி காத்திருந்தனர். நம் அருகே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். மடியில் மூன்று நாளைய செய்தித்தாள். இரவில் படிப்பீர்களா, எத்தனை மணிக்கு உறங்குவீர்கள் என்று கேட்டோம். அவர் நம்மைப் பார்த்தார். பிறகு, நம் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சிடுவோம், சார். அவங்க பாதுகாப்புக்குத்தான்” என்று பின்னாலிருந்து விடை சொன்னார் மேற்பார்வையாளர்.